பத்து நிமிஷத்துக்கு ஏழு

கடிகாரக்காரரிடம் "உங்களுக்கு நேரம் சரியில்லை" என்று யார் சொன்னாலும் அவருக்குக் கோபம் வந்துவிடும். தலையெழுத்தைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். தொழிலைச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். முப்பது வருஷமாக அவர் கைபட்ட கடிகாரம் எதுவும் நேரம் தப்பியதில்லை. ஆனால் அன்றைக்கு அப்படிச் சொன்னது டாக்டரம்மா. அதனால் கோபத்தை விழுங்கிக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா அவரைச் சும்மா விடவில்லை. ஆஸ்பத்திரி நடைகூடத்தில் இந்தக் கோடியில் ஒரு நாற்காலியும் அந்தக் கோடியில் ஒரு நாற்காலியும் போட்டு, ஆறு நிமிஷம் நடக்கச் சொல்லி அளந்து பார்த்திருந்தார். முந்நூற்றுப் பத்து மீட்டர் வந்தது. அதிலும் பாதி வழியில் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்க்க இவர் நின்றுவிட்டார்.

"நான் தினமும் நடக்கறவன் டாக்டர். ஒரு நாள் விட்டதில்ல" என்றார் கடிகாரக்காரர்.

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு கிலோமீட்டர்."

"எவ்வளவு நேரம்?"

நேரத்தில் பொய் சொல்ல அவர் தொழில் இடம் கொடுக்கவில்லை. "முப்பத்தாறு நிமிஷம்" என்றார்.

"அதுக்குப் பேரு நடை இல்லைங்க, இடமாற்றம்" என்றார் டாக்டரம்மா.

பிறகு விளக்கிச் சொன்னார். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. மூச்சு அந்த அளவுக்கு வாங்க வேண்டும். இதே இரண்டு கிலோமீட்டரை இருபத்து நான்கு நிமிஷத்தில் நடக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி மறுபடியும் அளப்பார். அதற்குள் தேறவில்லையென்றால், இந்த மூச்சை வைத்துக்கொண்டு தினமும் நாலு தடவை பத்தொன்பது படி ஏறி மாடிக் கடைக்குப் போவது நல்லதில்லை. கடையை மூடிவிட்டு வீட்டிலேயே ஒரு மேஜை போட்டுக்கொள்ளலாம்.

கடிகாரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தாள். "சரிங்க டாக்டர்" என்றாள். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது. அவள் டைப் அப்படி.

டைப் என்றதும் சொல்லிவிட வேண்டும். அவள் டைப் கிளாஸ் நடத்துகிற டீச்சர். வீட்டின் முன்னறையில் எட்டு டைப்ரைட்டர்கள். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை, மறுபடி மூன்றிலிருந்து எட்டு வரை, அந்த எட்டும் ஒன்றாகக் கத்தும். அந்தச் சத்தத்தில் கடிகாரக்காரர் தும்மினால் அவருக்கே கேட்காது. அவருடைய மாடிக் கடையோ நேர் எதிர். அங்கே ஒரு ஈ பறந்தால் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லிவிடலாம். நாற்பது கடிகாரங்கள் மெல்ல மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்தால் அவருக்குப் பசி தெரியாது, வயசு தெரியாது. அந்தக் கடையை மூடிவிட்டு எட்டு டைப்ரைட்டருக்கு ஒன்பதாவதாகப் போய் உட்காருவதா என்று நினைத்தபோதே அவருக்கு மூச்சு வாங்கியது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது டீச்சர் தையல் டேப்பை வைத்து ஜன்னலோரத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"மூணடி வருது. உங்க மேஜை தாராளமா நிக்கும்" என்றாள்.

கடிகாரக்காரர் அந்த இடத்திலேயே சபதம் செய்தார். ஆறு வாரத்தில் இருபத்து நான்கு நிமிஷத்தில் நடந்து காட்டுகிறேன், இல்லாவிட்டால் நான் கடிகாரக்காரனே இல்லை என்றார். டீச்சர் டேப்பைச் சுருட்டி வைத்தாள். சபதம் எல்லாம் சரி, வாசலில் நின்று நான் நேரம் பார்ப்பேன் என்றாள். கிளாஸில் பசங்களுக்கு வேகப் பரீட்சை வைக்க அவளிடம் ஒரு பழைய ஸ்டாப்வாட்ச் இருந்தது. நிக்கல் உடம்பு, உள்ளங்கை அகலம், அவரே பழுது பார்த்துக் கொடுத்தது. அதை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தாள். அவளுக்கென்று கைக்கடிகாரம் கிடையாது. இருந்தது, பதினோரு வருஷமாக அவருடைய கடையில் ரிப்பேருக்காகக் காத்திருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நடை தொடங்கியது. வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பினால் சரியாக இரண்டு கிலோமீட்டர். டீச்சர் பொத்தானை அழுத்தினாள். அவர் கிளம்பினார்.

வேகமாக நடக்க வேண்டும் என்று அவருக்கு நிஜமாகவே ஆசைதான். கால்தான் கேட்கவில்லை. கால் கேட்டாலும் கண் கேட்கவில்லை. பேக்கரியில் ஒரு கடிகாரம். அது நாலு நிமிஷம் முந்துகிறது. அதைக் கடைக்காரரிடம் சொல்லாமல் எப்படிப் போவது? வங்கி வாசலில் ஒன்று. அது சரியாக ஓடுகிறது. அதை ஒரு நிமிஷம் நின்று ரசிக்க வேண்டாமா? பள்ளிக்கூடத்துக் கோபுரக் கடிகாரம் மூன்று நாற்பதில் நின்று பல வருஷமாகிறது. செத்துப்போன உறவுக்காரரைப் பார்ப்பதுபோல அதன் கீழே தினமும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அவரால் போக முடியும். இதெல்லாம் போக லாண்டரி வாசலில் ஒரு நாய். அது அவர்கூடவே வரும். நாய்க்கும் அவசரமில்லை.

முதல் நாள் முப்பத்தாறு. மூன்றாம் நாளும் முப்பத்தாறு. வாரக் கடைசியில் முப்பத்தைந்து. டீச்சர் ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டு ஜன்னலோரத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்கு அந்தப் பார்வை முள்ளாகக் குத்தியது. கடிகார முள் குத்தாது; இது வேறு முள்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான் அவருக்கு அந்த மணியான யோசனை வந்தது. நடையை வேகப்படுத்துவது கஷ்டம். கடிகாரத்தை மெதுவாக்குவது அவருக்குப் பத்து நிமிஷ வேலை.

வீட்டுக்குப் போய், ஸ்டாப்வாட்சுக்கு எண்ணெய் போட்டு ரொம்ப நாளாச்சு, கொடு, சர்வீஸ் பண்ணித் தருகிறேன் என்றார். டீச்சர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். கடைக்கு வந்து பின்மூடியைத் திறந்தார். உள்ளே மயிரிழை மாதிரி ஒரு ஹேர்ஸ்பிரிங் சுருண்டு சுருண்டு விரிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு அதைவிடக் கொஞ்சம் தளர்ந்த ஒன்றை மாட்டினார். இனிமேல் உலகத்தில் பத்து நிமிஷம் போனால் இந்த ஸ்டாப்வாட்சில் ஒன்பது நிமிஷம்தான் போகும். மாட்டி முடித்ததும் தன் கையை ஒரு தடவை பார்த்தார். தாமதமாக ஓடியதையெல்லாம் சரியாக ஓடவைத்த கை அது. சரியாக ஓடுவதை நொண்ட வைத்தது இதுதான் முதல் தடவை. 'உடம்புக்காகத்தானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாருடைய உடம்பு, என்ன ஆதாயம் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை முப்பத்தொன்றரை.

"அட, பரவாயில்லையே" என்றாள் டீச்சர்.

முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து "பரவாயில்லையே" வருவது இது மூன்றாவது தடவை. கடிகாரக்காரர் அந்தப் புகழ்ச்சியில் ஒரு டீ கூடுதலாகக் குடித்தார். அடுத்த வாரம் இன்னும் தளர்ந்த ஸ்பிரிங். பத்து நிமிஷத்துக்கு எட்டு. இருபத்தேழு என்று காட்டியது. அதற்கடுத்து இன்னொன்று. பத்து நிமிஷத்துக்கு ஏழு. அது உள்ளே விரிந்து சுருங்குவதைப் பார்த்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிற ஆள் மாதிரி இருந்தது. மறுநாள் பேக்கரிக்காரரிடம் வழக்கம்போலப் பேசிவிட்டு, பள்ளிக்கூடத்துக் கடிகாரத்துக்குக் கீழே வழக்கம்போல நின்றுவிட்டு, நாயைத் தடவிக்கொடுத்துவிட்டு வீடு வந்தபோது அவர் கையிலிருந்த கடிகாரம் முப்பத்து நாலரை நிமிஷம் என்றது. டீச்சரின் ஸ்டாப்வாட்ச் இருபத்து நான்கு என்றது.

மூன்றாவது வாரமே இருபத்து நான்கைத் தொட்டாகிவிட்டது. இன்னும் மூன்று வாரம் இதே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தார். டாக்டரம்மாவின் நடைகூடத்தில் என்ன செய்வது என்ற கேள்வி அவ்வப்போது தலைகாட்டியது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டார்.

அன்றைக்கு மதியம் சாப்பிடும்போது டீச்சர் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாக இருந்தாள். அவளுடைய கிளாஸில் லாண்டரியில் இஸ்திரி போடுகிற ஒரு பெண் இருந்தாள். கிளாஸில் எல்லோரும் அவளை நிதானம் என்பார்கள். சேர்ந்த புதிதில் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று ஊர் முழுக்கத் தேடுவாளாம். அந்த நிதானம் நிமிஷத்துக்கு இருபத்தெட்டு வார்த்தையில் நின்றிருந்தவள், இரண்டு வாரமாகக் கிடுகிடுவென்று ஏறுகிறாள் என்று டீச்சர் சொன்னாள். முதலில் முப்பத்தொன்று, பிறகு முப்பத்தைந்து, இன்றைக்கு நாற்பது. அரசாங்க குமாஸ்தா பரீட்சைக்கு நாற்பதுதான் வேண்டும். அவள் மட்டுமில்லை, வகுப்பே பறக்கிறது.

"முப்பது வருஷமா சொல்லிக்கொடுக்கறேன். இப்பத்தான் எனக்கே சொல்லிக்கொடுக்க வந்திருக்கு போல" என்றாள்.

கடிகாரக்காரர் மகிழ்ந்து போய், எல்லாம் உன் உழைப்பு என்று சொல்லிக்கொண்டே ஒரு கவளத்தை வாயில் வைத்தார். வைத்ததும்தான் உறைத்தது. வகுப்பில் வேகப் பரீட்சை பத்து நிமிஷம். அதை அளப்பது எந்த ஸ்டாப்வாட்ச்?

அவருடைய பத்து நிமிஷம் இப்போது நிஜத்தில் பதினாலு நிமிஷத்துக்கும் மேல். பதினாலு நிமிஷம் தட்டிவிட்டுப் பத்தால் வகுத்தால் யார்தான் பறக்க மாட்டார்கள்?

மறுநாள் கடையில் வேலை ஓடவில்லை. நாற்பது கடிகாரமும் அவரையே பார்த்து 'த்சு த்சு' என்று உச்சுக்கொட்டுவதுபோல இருந்தது. பதினோரு மணி வாக்கில் மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. நிறுத்தி, நிறுத்தி, ஒவ்வொரு படியாக. நிதானமேதான். கையில் ஒரு இனிப்புப் பெட்டி.

"எடுத்துக்கோங்க சார். எல்லாம் உங்க ஸ்டாப்வாட்ச் ராசி" என்றாள்.

அவர் ஒன்றை எடுத்து வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, ராசி எல்லாம் ஒன்றுமில்லை என்று முனகினார். அவள் விடவில்லை. நீங்கள் அதைச் சர்வீஸ் பண்ணினதிலிருந்துதான் விரல் ஓடுகிறது, டீச்சரே சொன்னாங்க என்றாள். அடுத்த மாதம் பரீட்சை. பணம் கட்டியாகிவிட்டது. நாற்பது வந்துவிட்டதால் பயமில்லை. நாளைக்கே லாண்டரி முதலாளியிடம் போய் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லப் போகிறாள்.

கடிகாரக்காரர் எழுந்தே விட்டார். "அவசரப்படாதீங்க. கொஞ்சம் நிதானமா..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஏன் சார், நான் பாஸ் பண்ண மாட்டேனா?"

"பண்ணுவீங்க. வேலையை மட்டும் இப்ப விடாதீங்க. பரீட்சை முடியட்டும்."

அவள் யோசித்துப் பார்த்து, சரி, உங்க வார்த்தைக்காக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் இறங்குகிற ஒவ்வொரு படிச் சத்தமும் அவர் நெஞ்சில் மிதித்தது.

என்ன செய்யலாம் என்று அவர் கணக்குப் போட்டார். இன்றைக்கே ஸ்டாப்வாட்சைச் சரிசெய்துவிடலாம். செய்தால் வகுப்பு பிழைக்கும். ஆனால் நாளைக் காலை இருபத்து நான்கு ஒரே தாவாக முப்பத்து நான்கு ஆகிவிடும். டீச்சர் விடுவாளா? உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் ஜன்னலோரம் மூன்றடி இடம் காத்திருக்கிறது. போதாததற்கு வாழ்நாள் முழுக்கக் கேட்க ஒரு கதையும் ஆயிற்று. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஸ்பிரிங்கைப் படிப்படியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதே சமயம் ஸ்டாப்வாட்ச் ஒரு நாளும் இருபத்து நான்கைத் தாண்டக்கூடாது. பத்துக்கு எட்டு ஓடும் ஸ்பிரிங் என்றால் நிஜத்தில் முப்பது நிமிஷத்தில் நடக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது என்றால் இருபத்தாறரை. சரியாக ஓடும் ஸ்பிரிங் என்றால்...

அவர் காகிதத்தைப் பார்த்தார். சுற்றிச் சுற்றி டாக்டரம்மா சொன்ன இடத்துக்கே வந்து நின்றிருந்தார்.

வேறு வழியில்லாததால் அவர் நடக்கத் தொடங்கினார். கடிகாரக்காரர் எதையும் கருவி இல்லாமல் செய்ய மாட்டார். கடையில் ஒரு சின்ன டைம்பீஸ் இருந்தது. நொடிக்கு இரண்டு டிக். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிக்குக்கு ஒரு அடி என்று வைத்தார். முதல் நாள் நூறு அடியில் கால் பின்னிக்கொண்டது. நீட்டி நீட்டி அடி வைப்பதால்தான் இப்படி ஆகிறது, குட்டை அடியாக, சீக்கிரம் சீக்கிரமாக வைக்க வேண்டும் என்று இரண்டாம் நாள் கண்டுபிடித்தார். கையைச் சும்மா தொங்கவிடாமல் முழங்கையை மடக்கி வீசினால் கால் தானாகப் பின்னால் வருகிறது என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. நான்காம் நாள் முடிதிருத்தும் கடைக்கு முன்னால் போகும்போது சட்டைக்குள்ளிருந்து அலாரம் அடித்தது. உள்ளே முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் துண்டோடு வெளியே ஓடிவந்தார். கடிகாரக்காரர் நின்று மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நாற்பது நொடி போய்விடும். கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

பேக்கரிக் கடிகாரம் முந்தினால் முந்தட்டும் என்று விட்டார். வங்கிக் கடிகாரத்தை நடந்துகொண்டே ஓரக்கண்ணால் ரசித்தார். பள்ளிக்கூடத்துப் பக்கம் வரும்போது மட்டும் மனசு கேட்கவில்லை; சாலையின் எதிர்ப்பக்கம் மாறி, தலையைக் குனிந்துகொண்டு, கடன்காரனைத் தாண்டுவதுபோலத் தாண்டினார். நாய் ஒரு வாரம் கூட ஓடிவந்து பார்த்தது. பிறகு இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு செய்து லாண்டரி வாசலிலேயே படுத்துக்கொண்டது.

முப்பது நிமிஷம் வந்த அன்றைக்கு ஸ்டாப்வாட்சைச் சர்வீஸ் என்று கேட்டார். கேட்பதற்கு முன்பே டீச்சர் எடுத்து நீட்டினாள். அடிக்கடி எண்ணெய் கேட்கிறதே, வயசாகிறது போல என்றாள். எனக்கும்தான் வயசாகிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டார். பத்துக்கு எட்டு ஸ்பிரிங் உள்ளே போனது.

இரண்டு நாளில் சாப்பாட்டு மேஜையில் டீச்சரின் முகம் வாடியிருந்தது. நிதானம் திடீரென்று முப்பத்தைந்துக்கு இறங்கிவிட்டாள், என்னவென்றே தெரியவில்லை, கிளாஸே சோர்ந்து போய்விட்டது என்றாள். நிதானம் அழுதுவிட்டாள் என்றும் சொன்னாள். கடிகாரக்காரர் சாதத்தைத் தள்ளி வைத்தார். இன்னும் நல்லா பழகச் சொல்லு, தினமும் ஒரு மணி நேரம் கூட உக்காரச் சொல்லு, காசு வாங்காதே என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் யாரும் கேட்காமலேயே இரண்டாவது தடவை தண்ணீர்த் தொட்டி வரை போய் வந்தார். பாவத்தைக் கால் வழியாக இறக்கிவிட முடியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

ஐந்தாம் வாரம் இருபத்தாறரை. அடுத்த ஸ்பிரிங். நிதானம் முப்பத்தொன்று. ஆறாம் வாரம் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பும்போது, எதிரே வந்த பேக்கரிக்காரர் என்ன விஷயம், எங்கேயாவது தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வந்தது. பாட்டுப் பாடச் சொல்லியிருந்தால் வந்திருக்காது. அன்றைக்குக் கைக்கடிகாரம் இருபத்து நான்கு என்று காட்டியது. அவர் டீச்சரிடம் ஸ்டாப்வாட்சை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடி, பத்தொன்பது படியை மூச்சுவிடாமல் ஏறி, அதில் பழைய ஹேர்ஸ்பிரிங்கை மாட்டினார். அது கலகலவென்று ஓடத் தொடங்கியபோது அவர் கண்ணில் நீர் கட்டியது. மறுநாள் காலை இரண்டு கடிகாரமும் ஒரே எண்ணைச் சொன்னது. இருபத்து மூன்று ஐம்பது.

டீச்சர் நோட்டில் எழுதினாள். "பரவாயில்லையே" என்றுகூடச் சொல்லவில்லை.

டாக்டரம்மாவின் நடைகூடத்தில் நானூற்று ஐம்பத்தைந்து மீட்டர் வந்தது. டாக்டரம்மாவே நம்பாமல் இரண்டு தடவை கணக்குப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இனி கடையை மூட வேண்டியதில்லை, படி ஏறுவதும் நல்லதுதான், இந்த வேகத்தை விடாதீர்கள் என்றார். கடிகாரக்காரர் வெற்றிப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். டீச்சர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து நடந்தார்கள். ஜெயித்தாகிவிட்டது, கடை பிழைத்தது, இனி யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. ஆனாலும் அவரால் இருக்க முடியவில்லை. நிதானத்தின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. இருபத்தெட்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் நாளை மறுநாள் பரீட்சை எழுதப் போகிறாள். வங்கி வாசலில் நின்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். எந்த ஸ்பிரிங், எந்த ஞாயிற்றுக்கிழமை, பத்துக்கு எத்தனை என்று ஒன்று விடாமல் சொன்னார்.

டீச்சர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதானான்னா? அந்தப் பொண்ணு ஃபெயில் ஆயிடுவா."

"அவ எதுக்கு ஃபெயில் ஆகணும்? அவ நாப்பத்திரண்டு அடிச்சு ஆறு மாசமாச்சு. நிதானம்கிறது போன வருஷத்துப் பேரு."

கடிகாரக்காரர் வங்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப முப்பத்தொண்ணு, முப்பத்தஞ்சு, நாப்பது எல்லாம்?"

"நீங்க எந்த ஸ்பிரிங் போட்டீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி கணக்குப் போட்டுச் சொன்னேன். தப்பா ஒண்ணும் வரலையே?"

முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருந்தது. முப்பது வருஷமாகப் பத்துப் பத்து நிமிஷமாக எண்ணியவளுக்குப் பத்து நிமிஷம் என்றால் எவ்வளவு என்று தெரியாதா? சந்தேகம் தீர, உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்தோடு ஒட்டிப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து வகுப்புக்குச் சுவர்க் கடிகாரம்தான். ஸ்டாப்வாட்ச் அவருக்கு மட்டும். மிரட்டினால் அவர் நடக்க மாட்டார், சண்டை போட்டாலும் நடக்க மாட்டார், ஆனால் தன்னால் ஒரு கடிகாரம் தப்பு நேரம் காட்டி ஒரு பெண் வேலையை இழக்கிறாள் என்றால் ஊரைச் சுற்றி ஓடுவார் என்று அவளுக்குத் தெரியும். இனிப்புப் பெட்டியும் அவள் வாங்கிக் கொடுத்ததுதான். மாடிப்படியை மெதுவாக ஏறச் சொன்னதும் அவள்தான்.

கடிகாரக்காரர் கோபப்படலாமா என்று பார்த்தார், கோபம் வரவில்லை. மாறாக நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இத்தனை தந்திரமும் இவள் தன் உடம்புக்காகத்தானே செய்திருக்கிறாள். ஆறு வாரம் வெயில், மழை பார்க்காமல் வாசலில் நின்றிருக்கிறாள். அதைச் சொல்லவும் செய்தார்.

"என் மேல உனக்கு இவ்வளவு அக்கறைன்னு எனக்குத் தெரியாமப் போச்சும்மா."

டீச்சர் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"கடையை மூடிட்டு நாள் பூரா வீட்லயே உக்காருவீங்கன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க பாருங்க, எனக்கு அப்ப வந்த படபடப்பு இப்பத்தாங்க அடங்குச்சு."